கரைசலோட செறிவைக் கணக்கு போடுறது, ஒரு அலகுலேருந்து இன்னொண்ணுக்கு மாத்துறது: முழு வழிகாட்டி

லேப்புக்குப் புதுசா வர்றவங்க கெமிஸ்ட்ரி தெரியாம தடுமாறுறதை விட கணக்கோட வரிசை தெரியாம தடுமாறுறதுதான் அதிகம். ஃபார்முலாவை மனப்பாடமா ஒப்பிப்பாங்க, ஆனா பாட்டில் லேபிள்ல 37% னு இருக்கும், தேவைப்படுறது 0.5 மோலார்னு இருக்கும், நடுவுல எந்த ஃபார்முலாவுல எதைப் போடுறதுன்னு தெரியாம கை நின்னுடும்.

அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பழக்கத்தை வச்சுத்தான் ஓடுது. ஃபார்முலாவைத் தேடாதீங்க. கொஞ்சம் கரைசல் கையில இருக்குன்னு வச்சுக்கிட்டு, அதுக்குள்ள எத்தனை கிராம் இருக்கு, எத்தனை மோல் (டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணுற ஒரு பெரிய கட்டு) இருக்குன்னு எண்ணுங்க. வால்யூம் சம்பந்தப்பட்ட அலகுன்னா 1 லிட்டர் எடுத்துக்கோங்க, எடை சம்பந்தப்பட்டதுன்னா 100 கிராம் எடுத்துக்கோங்க. மிச்சமெல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

1. உக்காருறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

கால்குலேட்டரை எடுக்குறதுக்கு முன்னாடி பாட்டிலை எடுங்க. லேபிள்ல நாலு விஷயம் பாக்கணும்: பொருளோட முழுப் பேரு (படிகத்துல தண்ணி மூலக்கூறு ஒட்டியிருக்கா, எத்தனைன்னு சேத்து), மோலார் நிறை (1 மோல் எத்தனை கிராம்னு), தூய்மை சதவீதம், திரவமா இருந்தா அடர்த்தி (1 மி.லி. எத்தனை கிராம்னு). இதுல ஒண்ணைப் பாக்காம விட்டாலும் கணக்கு முழுசா போட முடியும், விடையும் அழகா வரும், ஆனா தப்பா வரும், அதுதான் இதுல இருக்குற ஆபத்து.

அப்புறம் ஒரு பேப்பர்ல என்ன பொருள், எவ்வளவு செறிவு எந்த அலகுல, மொத்தம் எவ்வளவு வால்யூம் வேணும்னு எழுதிடுங்க. எழுதலைன்னா பாதிக் கணக்குல 250 மி.லி. மறந்துபோய் 1 லிட்டருக்குப் போட்டு, நாலு மடங்கு பொருளை எடை போட்டுட்டு நிப்போம். அடிக்கடி நடக்குற கூத்து இது.

சாமான்னு பாத்தா பாலன்ஸ், ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க் (கழுத்துல ஒரே ஒரு அளவு மார்க் போட்ட குடுவை), பிப்பெட், பீக்கர், கண்ணாடிக் குச்சி, ஃபனல், வாஷ் பாட்டில்ல டிஸ்டில்ட் வாட்டர். பீக்கர்ல போட்டிருக்குற கோடெல்லாம் சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான், 5 சதவீதம் அப்படி இப்படி இருக்கும், அதை நம்பி கரைசல் தயாரிக்காதீங்க.

2. மேல என்ன, கீழ என்ன

எந்தச் செறிவு அலகா இருந்தாலும் அது ஒரு பின்னம். மேல கரைபொருள், கீழ கரைசலோ கரைப்பானோ. அலகு மாத்துறதுன்னா மேல இருக்குறதை மாத்தணுமா, கீழ இருக்குறதை மாத்தணுமா, ரெண்டையுமான்னு பாக்குறதுதான். அதனால முதல்ல ஒவ்வொண்ணுலயும் மேல கீழ என்ன இருக்குன்னு தெளிவா தெரிஞ்சிருக்கணும்.

மோலார்: மேல மோல், கீழ 1 லிட்டர் கரைசல். மோலால்: மேல மோல், கீழ 1 கிலோ கரைப்பான். எடைக்கு எடை சதவீதம்: மேல கிராம், கீழ 100 கிராம் கரைசல். எடைக்கு வால்யூம் சதவீதம்: மேல கிராம், கீழ 100 மி.லி. கரைசல். வால்யூமுக்கு வால்யூம்: மேல மி.லி., கீழ 100 மி.லி. கரைசல்.

இதுல ரெண்டு இடத்துல எல்லாரும் வழுக்குவாங்க. ஒண்ணு, வெறும் "10%" னு எழுதிட்டுப் போறது. மூணு விதமான சதவீதம் இருக்கும்போது வெறும் சதவீதம்னா எதுவுமே சொல்லாத மாதிரிதான். கடையிலேருந்து வர்ற அடர் அமில பாட்டில்ல இருக்குற சதவீதம் எடைக்கு எடை. ஆஸ்பத்திரி சலைன்ல இருக்குற 0.9% எடைக்கு வால்யூம், அதாவது 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு. எத்தனால் பாட்டில்ல பெரும்பாலும் வால்யூமுக்கு வால்யூம்.

ரெண்டாவது, கரைசலையும் கரைப்பானையும் ஒண்ணா நினைக்கிறது. 1 மோலார்னா 1 மோலை 1 லிட்டர் தண்ணியில போடுறது இல்ல, 1 மோலைப் போட்டு மொத்தம் 1 லிட்டர் ஆக்குறது. வால்யூம் அப்படியே கூட்டிக்கிட்டு வராது. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணியையும் கலந்தா 100 வராது, கிட்டத்தட்ட 96, 97 மி.லி.தான் வரும். எடையைக் கூட்டலாம், வால்யூமைக் கூட்டக் கூடாது, இந்த ஒரு வரியை மட்டும் சுவத்துல ஒட்டி வச்சுக்கலாம்.

3. மோலார் நிறை: எந்தப் படிகம்னு பாத்துட்டு எடுங்க

காப்பர் சல்ஃபேட்டை எடுத்துக்குவோம். தண்ணியில்லாத காப்பர் சல்ஃபேட்டோட மோலார் நிறை 159.61. நீலக் கலர்ல இருக்கே, அஞ்சு தண்ணி மூலக்கூறு சேந்தது, அதோடது 249.69. அலமாரியில இருக்குறது நீலம், நெட்ல தேடி எடுத்த நம்பர் 159.61 னா, தயாரிக்கிற கரைசல் நெனச்சதுல 64 சதவீதம்தான் இருக்கும்.

சோடியம் கார்பனேட்டுல இது இன்னும் மோசம். தண்ணியில்லாதது 105.99, பத்து தண்ணியோட இருக்குறது 286.14, ரெண்டும் வெள்ளைதான், கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆக்சாலிக் ஆசிடும் ரெண்டு தண்ணியோட 126.07 னு வரும். அதனால மோலார் நிறையை எப்பவும் கையில இருக்குற பாட்டில் லேபிள்லேருந்துதான் எடுக்கணும், ஞாபகத்துலேருந்தோ வேற பாட்டில்லேருந்தோ இல்ல.

4. திடப்பொருளை எவ்வளவு எடை போடணும்

250 மி.லி. 0.1 மோலார் காப்பர் சல்ஃபேட் வேணும்னு வைங்க. 1 லிட்டர்ல 0.1 மோல், அப்போ கால் லிட்டர்ல 0.025 மோல். 0.025 × 249.69 = 6.242 கிராம். முடிஞ்சுது.

சின்ன வால்யூம்ல வேலை பாக்குறவங்களுக்கு இன்னொரு வழி வசதியா இருக்கும்: மோலாரை மி.லி.யால பெருக்கினா நேரா மில்லிமோல் வரும், அதை மோலார் நிறையால பெருக்கினா மில்லிகிராம். 0.1 × 250 = 25 மில்லிமோல், 25 × 249.69 = 6242 மில்லிகிராம். ஆயிரத்தால வகுக்குற வேலையே நடுவுல வராது, பூஜ்யம் தொலையுற தப்பும் வராது.

தூய்மை 98% னு போட்டிருந்தா 6.242 ஐ 0.98 ஆல வகுக்கணும், 6.37 கிராம் வரும். இங்க பெருக்கிடுறவங்க நிறைய. தூய்மை கம்மின்னா அதிகமா எடுக்கணும், வந்த நம்பர் பழசை விடப் பெருசா இருக்கான்னு ஒரு பார்வை பாத்தா போதும்.

இன்னொரு விஷயம், பாலன்ஸ்ல சரியா 6.242 கிராம் வரணும்னு துளித்துளியா போட்டு எடுத்து அரை மணி நேரம் போராடாதீங்க. பக்கத்துல வந்ததை எடுத்துக்கிட்டு, வந்த எடையை எழுதி, உண்மையான செறிவைத் திருப்பிக் கணக்கு போடுங்க. 6.251 கிராம் வந்துச்சுன்னா 6.251 ÷ 249.69 ÷ 0.25 = 0.1001 மோலார். லேபிள்லயும் அதையே எழுதுங்க. கரைசல் 0.1 ஆ இருக்கணும்னு அவசியமில்ல, அது எவ்வளவுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

5. கையால தயாரிக்கிற வரிசை

எடை போட்டதை நேரா ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்ல கொட்டாதீங்க. முதல்ல பீக்கர்ல, மொத்த வால்யூம்ல பாதி அளவு தண்ணியில முழுசா கரைங்க. ஃப்ளாஸ்க்கோட கழுத்து சின்னது, பொருள் ஒட்டிக்கும், அடியில கரையாம தங்கினது கண்ணுக்கும் தெரியாது. பாதித் தண்ணி ஏன்னா, அப்புறம் பீக்கரைக் கழுவி ஊத்த இடம் வேணும்.

கரைஞ்சதும் ஆற விடுங்க. சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது நல்லா சூடாகும், ஆசிடும் அப்படித்தான். சூடா இருக்கும்போதே மார்க் வரைக்கும் ஊத்திட்டா ஆறினதுக்கப்புறம் மட்டம் கீழ இறங்கிடும், அதாவது வால்யூம் கம்மியாகி செறிவு நெனச்சதை விடக் கூடிடும். ஃப்ளாஸ்க் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குத்தான் அளவு குறிச்சிருப்பாங்க, அதுலயே எழுதியிருக்கும், பாருங்க.

ஆறினதும் ஃபனல் வழியா ஃப்ளாஸ்க்குக்கு மாத்துங்க. பீக்கர், குச்சி, ஃபனல் மூணையும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு மூணு தடவை கழுவி அதையும் ஃப்ளாஸ்க்குலயே ஊத்துங்க. ஒரே தடவை நிறையத் தண்ணி ஊத்திக் கழுவுறதை விட சின்னச் சின்னதா மூணு தடவை கழுவுறது பொருளை நல்லா இழுத்துக்கிட்டு வரும்.

மார்க்குக்கு ஒரு விரக்கடை கீழ வரைக்கும் வாஷ் பாட்டில்ல, அதுக்கு மேல டிராப்பர்ல. கண்ணை மார்க்கோட நேர்மட்டத்துல வச்சு, திரவத்தோட வளைவு அடிப்பகுதி கோட்டைத் தொடணும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் மாதிரி கடுங்கலர்னா அடி வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் பாக்கணும்.

மார்க்கைத் தாண்டிப் போச்சா? பிப்பெட்டால உறிஞ்சி எடுத்து சரிக்கட்டாதீங்க. எடுக்குறது வெறும் தண்ணி இல்ல, கரைபொருளும் சேந்து போகும். கீழ ஊத்திட்டு மறுபடியும் செய்யுறதுதான் ஒரே வழி, வருத்தமாத்தான் இருக்கும்.

கடைசியா மூடி போட்டு நல்லா தலைகீழா கவுத்துக் கவுத்துக் கலக்குங்க. கழுத்துல கடைசியா ஊத்தின தண்ணி கலங்காம அப்படியே நிக்கும், ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு பிப்பெட்டை விட்டா முதல்ல எடுக்குறதும் கடைசியா எடுக்குறதும் வேற வேற செறிவா இருக்கும்.

கழுவுற விஷயத்துல ஒரு குழப்பம் எப்பவும் இருக்கு. பிப்பெட்டையும் பியூரெட்டையும் (அடியில திருகு வச்ச நீளமான அளவுக் குழாய்) எடுக்கப்போற கரைசலாலேயே ஒரு தடவை கழுவணும், இல்லன்னா உள்ள ஒட்டியிருக்குற தண்ணி செறிவைக் குறைச்சிடும். ஆனா ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்கை வெறும் தண்ணியாலதான் கழுவணும், கரைசலால கழுவினா கணக்குல இல்லாத மோல் உள்ள போயிடும். ஃப்ளாஸ்க்ல தண்ணி ஈரம் இருந்தா பரவாயில்ல, எப்படியும் தண்ணி ஊத்தத்தான் போறோம்.

6. சதவீதத்துலேருந்து மோலாருக்கு

இந்த இடம்தான் எல்லாரும் மாட்டுறது, கொஞ்சம் நிதானமா போவோம். பாட்டில்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 37%, அடர்த்தி 1.19. மோலார் எவ்வளவு?

1 லிட்டர் ஆசிட் கையில இருக்குன்னு வைங்க. அது எவ்வளவு எடை? அடர்த்தி 1.19, அதனால 1190 கிராம். அதுல ஹைட்ரஜன் குளோரைடு எவ்வளவு? 37 சதவீதம், 1190 × 0.37 = 440.3 கிராம். அது எத்தனை மோல்? 440.3 ÷ 36.46 = 12.08. எடுத்தது 1 லிட்டர், அதனால 12.08 மோலார்.

பாருங்க, நடுவுல அடர்த்தி எதுக்கு வந்துச்சு? சதவீதத்துல கீழ இருந்தது எடை, மோலார்ல கீழ வேணும்கிறது வால்யூம், எடையை வால்யூமா மாத்த அடர்த்தி இல்லாம முடியாது. அடர்த்தி தெரியலைன்னா இந்தக் கணக்கே போட முடியாது. 1 னு எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? 10.1 வரும், 16 சதவீதம் தப்பு. சல்ஃபியூரிக் ஆசிடுக்கு அப்படி செஞ்சா கிட்டத்தட்ட பாதிதான் வரும்.

அடிக்கடி கையில எடுக்குற மத்ததையும் இதே மாதிரி போட்டுப் பாத்துக்கோங்க, விடை இதுதான் வரணும்:

சல்ஃபியூரிக் ஆசிட் 98%, அடர்த்தி 1.84, மோலார் நிறை 98.08: சுமார் 18.4 மோலார்
நைட்ரிக் ஆசிட் 70%, அடர்த்தி 1.42, மோலார் நிறை 63.01: சுமார் 15.8 மோலார்
கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 99.7%, அடர்த்தி 1.05, மோலார் நிறை 60.05: சுமார் 17.4 மோலார்
அம்மோனியா கரைசல் 28%, அடர்த்தி 0.90, மோலார் நிறை 17.03: சுமார் 14.8 மோலார்

திருப்பிப் போறதும் இதே வழிதான். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, அடர்த்தி 1.04 னா, 1 லிட்டர்ல 40 கிராம் இருக்கு, அந்த 1 லிட்டரோட எடை 1040 கிராம். எடைக்கு எடை 3.85%, எடைக்கு வால்யூம் 4.0%. ஒரே கரைசல், ரெண்டு சதவீதம், ரெண்டும் சரி.

எடைக்கு வால்யூம்னா அடர்த்தியே தேவையில்ல. 0.9% சலைன்: 1 லிட்டர்ல 9 கிராம், 9 ÷ 58.44 = 0.154 மோலார். ரொம்ப லேசானது, அதனால இதுக்கு மேல சொல்ல எதுவுமில்ல.

7. டைல்யூட் பண்ணுறது

தண்ணி ஊத்தினா மோலோட எண்ணிக்கை மாறாது, வால்யூம் மட்டும்தான் மாறும். அதனால பழைய செறிவு × பழைய வால்யூம் = புது செறிவு × புது வால்யூம். 500 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேணும்: 1 × 500 ÷ 12.08 = 41.4 மி.லி. அடர் ஆசிட்.

இங்க "புது வால்யூம்" ங்கிறது மொத்த வால்யூம், சேக்குற தண்ணி இல்ல. 41.4 மி.லி. ஆசிட்ல 500 மி.லி. தண்ணி ஊத்துறது தப்பு. ஆசிட் கலந்து, ஆறி, மொத்தமா 500 வரணும்.

செய்யுற வரிசை: ஃப்யூம் ஹூட்டுக்குள்ள, கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கிட்டு, பீக்கர்ல 300 மி.லி. தண்ணி முதல்ல, அப்புறம் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில விட்டுக் கலக்குங்க. எப்பவும் தண்ணியிலதான் ஆசிட், ஆசிட்ல தண்ணி ஊத்தவே கூடாது. ஆசிட் மேல விழுற கொஞ்சத் தண்ணி அந்தச் சூட்டுல ஒரேடியா கொதிச்சு ஆசிடையும் சேத்துத் தெறிக்க விடும், சல்ஃபியூரிக்ல இது ரொம்பவே ஆபத்து.

ரெண்டு பக்கமும் ஒரே அலகு இருந்தா மோலாரா இருந்தாலும் சரி, எடைக்கு வால்யூம் சதவீதமா இருந்தாலும் சரி, இந்தச் சமன்பாடு வேலை செய்யும். எடைக்கு எடை சதவீதத்துக்கு மட்டும் வால்யூமோட சேத்துப் போடாதீங்க. 37% ஆசிடை 10% ஆக்கணும்னு 27 மி.லி. ஆசிட், 73 மி.லி. தண்ணின்னு கலந்தா என்ன வரும்னு பாப்போம். 27 மி.லி. ஆசிட் 32.1 கிராம், அதுல ஹைட்ரஜன் குளோரைடு 11.9 கிராம், மொத்த எடை 105.1 கிராம், அதாவது 11.3%. சரியா வரணும்னா 27 கிராம் ஆசிட், 73 கிராம் தண்ணி. எடை சதவீதம்னா கையில பாலன்ஸ்தான் இருக்கணும்.

செறிவு வேற வேறயா இருக்குற ரெண்டு கரைசலைக் கலந்தாலும் மோலைத்தான் எண்ணணும். 200 மி.லி. 0.5 மோலார்ல 100 மில்லிமோல், 300 மி.லி. 0.1 மோலார்ல 30 மில்லிமோல், மொத்தம் 130 மில்லிமோல் 500 மி.லி.யில, 0.26 மோலார் (ரெண்டுமே நீர்த்த கரைசல்ங்கிறதால மட்டும் இங்க வால்யூமைக் கூட்டுனதை மன்னிச்சு விட்டுடலாம்). ரெண்டு செறிவையும் கூட்டி ரெண்டால வகுக்குறவங்க 0.3 னு சொல்லுவாங்க.

"1:10" னு யாராவது எழுதிக் கொடுத்தா நின்னு கேளுங்க. சிலர் 1 பங்கை மொத்தம் 10 பங்கா ஆக்குறதைச் சொல்லுவாங்க, சிலர் 1 பங்கோட 10 பங்கு தண்ணி சேக்குறதைச் சொல்லுவாங்க, முதல்லது 10 மடங்கு, ரெண்டாவது 11 மடங்கு. நீங்க எழுதும்போது "10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கியது" ன்னு எழுதிட்டா வம்பே இல்ல.

ரொம்ப நீர்த்த கரைசல் வேணும்னா ஒரே தாவல்ல போகாதீங்க. 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்குங்கிற அலகு, 9 ல விவரமா வரும்) ஸ்டாக்லேருந்து, அதாவது முன்னாடியே அடர்த்தியா தயாரிச்சு வச்ச கரைசல்லேருந்து, 0.5 பிபிஎம் வேணும்னா 2000 மடங்கு, 100 மி.லி. தயாரிக்க 0.05 மி.லி. எடுக்கணும், அதை சாதாரண பிப்பெட்ல ஒழுங்கா அளக்க முடியாது. படிப்படியா போங்க: 10 மி.லி. எடுத்து 100 ஆக்கினா 100 பிபிஎம், அதுல 5 எடுத்து 100 ஆக்கினா 5 பிபிஎம், அதுல 10 எடுத்து 100 ஆக்கினா 0.5. மடங்குகளைப் பெருக்கிப் பாருங்க, 10 × 20 × 10 = 2000. ஒவ்வொரு படியிலயும் நல்லா கலக்கிட்டுத்தான் அடுத்ததுக்கு எடுக்கணும், முதல் படியில விட்ட தப்பு கடைசி வரைக்கும் கூடவே வரும்.

8. நார்மாலிட்டி: வினை தெரியாம போடாதீங்க

நார்மாலிட்டி = மோலாரிட்டி (மோலார் செறிவு) × ஒரு எண். ஒரு மூலக்கூறு வினையில எத்தனை ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுக்கும் இல்ல வாங்கும்ங்கிறதுதான் அந்த எண். அந்த எண் பொருளைப் பொறுத்தது மட்டுமில்ல, அது எந்த வினையில ஈடுபடுதுங்கிறதையும் பொறுத்தது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சோடியம் ஹைட்ராக்சைடு ரெண்டுக்கும் 1. சல்ஃபியூரிக் ஆசிட் ரெண்டு ஹைட்ரஜனையும் கொடுத்தா 2. பொட்டாசியம் பெர்மாங்கனேட் அமில ஊடகத்துல 5 எலக்ட்ரான் வாங்கும், நடுநிலையில 3 தான். அதனால அதே 0.02 மோலார் பெர்மாங்கனேட் ஒரு டைட்ரேஷன்ல (ஒரு கரைசல் முழுசா வினைபுரிய இன்னொண்ணு எத்தனை மி.லி. ஆகுதுன்னு அளக்குறது) 0.1 நார்மல், இன்னொண்ணுல 0.06 நார்மல்.

பாட்டில் லேபிள்ல நார்மாலிட்டி எழுதுறதை விட மோலாரிட்டி எழுதுறதுதான் என் கட்சி. மோலார் எந்த வினைக்கும் மாறாது, நார்மல் மாறும்.

டைட்ரேஷன்ல ஒரு பெரிய தப்பு: மேல சொன்ன டைல்யூஷன் சமன்பாட்டையே ஆசிட் ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம்னு மோலார்ல போடுறது. 20 மி.லி. 0.05 மோலார் சல்ஃபியூரிக் ஆசிடுக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு ஆகும்? சமன்பாட்டுல அப்படியே போட்டா 10 மி.லி. வரும். உண்மையில 20 மி.லி. ஆகும், ஏன்னா ஒரு மோல் ஆசிடுக்கு ரெண்டு மோல் காரம் வேணும். நார்மல்ல போட்டா (0.1 நார்மல், 0.1 நார்மல்) நேரா 20 வந்துடும். நார்மாலிட்டி இன்னும் உயிரோட இருக்குறதுக்குக் காரணமே இந்த வசதிதான்.

9. பிபிஎம்: எதோட பிபிஎம்?

பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு, 1 கிலோவுல 1 மில்லிகிராம். நீர்த்த தண்ணிக் கரைசல்ல 1 லிட்டர் கிட்டத்தட்ட 1 கிலோங்கிறதால 1 லிட்டருக்கு 1 மில்லிகிராம்னு எடுத்துக்குவாங்க. அடர் அமிலம், கரிமக் கரைப்பான், நல்லா உப்பேறின கரைசல் இதுலெல்லாம் இந்தச் சமரசம் செல்லாது. 1% ங்கிறது 10,000 பிபிஎம்.

மோலார்லேருந்து வர்றதுக்கு: மோலார் × மோலார் நிறை × 1000. 0.001 மோலார் கால்சியம்னா 0.001 × 40.08 × 1000 = 40.08 பிபிஎம். இதே தண்ணியோட கடினத்தன்மையை கால்சியம் கார்பனேட்டா சொன்னா மோலார் நிறை 100.09, அப்போ 100 பிபிஎம். தண்ணி ஒண்ணுதான், ஆனா நம்பர் ரெண்டு.

நைட்ரேட்டுலயும் இதே கதை. நைட்ரஜனா 10 பிபிஎம்னு ரிப்போர்ட் வந்தா நைட்ரேட்டா அது 44.3 பிபிஎம், 62.00 ஐ 14.01 ஆல வகுத்தா வர்ற 4.43 மடங்கு. எதோட கணக்குல சொல்லியிருக்குன்னு பாக்காம ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட்டா நாலரை மடங்கு வித்தியாசம் தெரிஞ்சு பயந்துதான் போவோம்.

ஸ்டாண்டர்டு (செறிவு துல்லியமா தெரிஞ்ச கரைசல்) தயாரிக்கும்போதும் இது கடிக்கும். 1000 பிபிஎம் சோடியம் வேணும்னு 1 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் குளோரைடு போட்டா அது சோடியம் குளோரைடோட 1000 பிபிஎம், சோடியம் அதுல 393 தான். 1 கிராம் சோடியம் வரணும்னா 58.44 ÷ 22.99 = 2.542 கிராம் உப்பு எடுக்கணும். காப்பருக்கு அந்த நீலப் படிகத்துல 249.69 ÷ 63.55 = 3.929 கிராம்.

10. மோலார்லேருந்து மோலால், மோல் பின்னம்

பழைய ஹைட்ரோகுளோரிக் ஆசிடையே எடுத்துக்கோங்க. 1 லிட்டர் 1190 கிராம், அதுல 440.3 கிராம் ஆசிட், மிச்சம் 749.7 கிராம் தண்ணி. மோலால் = 12.08 ÷ 0.7497 = 16.1. இங்க மொத்த எடையிலேருந்து கரைபொருளைக் கழிக்கிறதைத்தான் மறப்பாங்க, மறந்தா 10.2 வரும். அடர் கரைசலா இருந்தா ரெண்டு நம்பரும் இப்படி ரொம்ப விலகி நிக்கும், 0.1 மாதிரி நீர்த்த கரைசல்ல கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

மோல் பின்னம் வேணும்னா தண்ணியையும் மோலாக்குங்க: 749.7 ÷ 18.02 = 41.6 மோல். 12.08 ÷ (12.08 + 41.6) = 0.225.

உறைநிலை, கொதிநிலை சம்பந்தமான கணக்குக்கு மோலால்தான் வேணும், அதுல வால்யூமே கிடையாது, வெப்பநிலை மாறினாலும் அசையாது.

11. விடையை நம்புறதுக்கு முன்னாடி, லேபிள் ஒட்டுறதுக்கு முன்னாடி

கணக்கு முடிஞ்சதும் அலகையும் சேத்து எழுதி ஒரு தடவை வெட்டிப் பாருங்க. கடைசியில கிராம் வர வேண்டிய இடத்துல கிராம் வருதா? டைல்யூட் பண்ணினதுக்கப்புறம் செறிவு கூடியிருந்தா எங்கயோ தலைகீழா வகுத்திருக்கீங்க. 40 மோலார்னு ஒரு தண்ணிக் கரைசலுக்கு விடை வந்தா சந்தேகப்படுங்க, சுத்தத் தண்ணியே 55 மோலார்தான்.

கால்குலேட்டர்ல வர்ற பத்து இலக்கத்தையும் எழுதாதீங்க. பாலன்ஸும் பிப்பெட்டும் எத்தனை இலக்கம் தருதோ அத்தனைதான் விடைக்கும்.

சோடியம் ஹைட்ராக்சைடை எவ்வளவு கவனமா எடை போட்டாலும் செறிவு சரியா வராது, காத்துலேருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கிட்டே இருக்கும். தோராயமா தயாரிச்சுட்டு பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால ஸ்டாண்டர்டைஸ் பண்ணணும், அதாவது அதோட டைட்ரேட் பண்ணி உண்மையான செறிவைக் கண்டுபிடிக்கணும் (ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வினைபுரியும்). அதோட மோலார் நிறை 204.22, 0.5105 கிராம் எடுத்தா 2.500 மில்லிமோல், பியூரெட்ல 25.30 மி.லி. ஆச்சுன்னா 2.500 ÷ 25.30 = 0.0988 மோலார். அடர் அமிலத்துலேருந்து டைல்யூட் பண்ணினதுக்கும் இதே கதிதான், பாட்டில் திறந்து திறந்து மூடினதுல அந்த 37% எப்பவோ இறங்கியிருக்கும்.

லேபிள்ல பொருளோட பேரு, செறிவு, அலகு (சதவீதம்னா எந்தச் சதவீதம், பிபிஎம்னா எதோடது), தயாரிச்ச தேதி, தயாரிச்சவர் பேரு இருக்கணும். சில்வர் நைட்ரேட்டும் பெர்மாங்கனேட்டும் வெளிச்சத்துல கெடும், பழுப்பு பாட்டில்ல வைங்க. சோடியம் ஹைட்ராக்சைடை கண்ணாடி மூடி போட்ட பாட்டில்ல வச்சா மூடி ஒட்டிக்கும், பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. 1 பிபிஎம், 0.5 பிபிஎம் மாதிரி உலோக ஸ்டாண்டர்டு எல்லாம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டே செறிவு குறையும், அதனால ஸ்டாக்கை மட்டும் சேத்து வச்சுக்கிட்டு இதையெல்லாம் வேணுங்கிற அன்னிக்கே புதுசா தயாரிச்சுக்கோங்க.